எண்ணெய்ச் சட்டி ஏறாத தீபாவளி

கேட்டின் கீழ்க் கம்பியில் ஏறி நின்று, மேல் கம்பியில் தாடையை வைத்துக்கொண்டு, யாழினி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு முந்தின நாள் காலை. பனி இன்னும் விலகவில்லை. ஐப்பசியில் ஓசூர்க் காலை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: யாரோ ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு மூட மறந்துபோன மாதிரி இருக்கும்.

இரும்புக் கம்பி சில்லென்று இருந்திருக்க வேண்டும். அவள் தாடையில் அதன் கோடு சிவப்பாகப் பதிந்திருந்தது.

“என்னடா குட்டி பாக்குற?”

“வருதான்னு பாக்குறேன் சித்தப்பா.”

“எது வருதான்னு?”

அவள் மறுபடி தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறு வயதுக்காரியிடம், சித்தப்பாவிடம் சொல்லக்கூடியது, சொல்லக்கூடாதது என்று ஒரு தரம் பிரிப்பு இருக்கிறது. கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் பல வருஷமாக அடுத்தவன் செய்ததைத் தரம் பிரித்துத் தள்ளுகிறவன் நான். என்னையே ரிஜெக்ட் செய்துவிட்டாள்.

பட்டாசைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குப் பட்டாசு வராது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நழுவுவதற்கு எனக்கு எப்போதும் ஒரு டீ தேவைப்படும். டீ போடச் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

போன வாரம் நான் ஸ்கூட்டர் பழகப் போய்ச் சாக்கடைக்குள் இறங்கிய கதையைப் படித்துவிட்டு, ‘வயிறு வலிக்கச் சிரித்தோம், இந்த வாரமும் அப்படியே எழுதவும்’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வாயிலிருந்து கேலி வராமல் இருக்காது. ஆனால் இந்த வாரம் அது எதற்கும் உதவப் போவதில்லை.

ஏனென்றால் அந்தத் தீபாவளிக்கு மூன்று மாதம் முன்னால், ஆடியில், யாழினியின் அம்மா, அதாவது எங்கள் ராஜி மதினி, இறந்துபோயிருந்தார்.

மூன்று வாசல், ஓர் அடுப்பு

மூக்கண்டப்பள்ளியில் எங்களுக்கு ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று போர்ஷன். முதல் வாசல் அண்ணனுடையது. நடு வாசல் என்னுடையது. கடைசி, தம்பி முருகனுடையது. வாசல்தான் மூன்று, பண்டிகை வந்துவிட்டால் அடுப்பு ஒன்றுதான். மதினி அடுப்பு.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து முதலில் வேலைக்கு வந்தவர் அண்ணன். பிறகு கல்யாணம் முடிந்து மதினி வந்தார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து என்னையும் தம்பியையும் ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டார்கள். நான் ஓசூரில் வந்து இறங்கியபோது என் கையில் ஐ.டி.ஐ. சான்றிதழ் இருந்தது, வயிற்றில் ஒன்றும் இல்லை. மதினி சான்றிதழைப் பார்க்கவேயில்லை. தட்டைத்தான் வைத்தார்.

மூன்று வீட்டுக்கும் சேர்த்துப் பிள்ளைகள் ஏழு. அண்ணனுக்கு இரண்டு பெண்கள்; யாழினி சின்னவள். எனக்கு இரண்டு பையன்கள். முருகனுக்கு மூன்று, அதில் இரண்டு இரட்டை. ஆயுத பூஜையிலிருந்து பொங்கல் வரை லீவு நாட்களில் எங்கள் காம்பவுண்டைக் கடந்துபோகிறவர்கள் உள்ளே பள்ளிக்கூடம் நடக்கிறது என்று நினைப்பார்கள். வாத்தியார் மட்டும் மருத்துவ விடுப்பில் போய்விட்ட பள்ளிக்கூடம்.

தீபாவளிக்கு முன்னால் மதினி எண்ணெய்ச் சட்டிக்கு முன் உட்கார்ந்தால் ஏழும் சுற்றி உட்கார்ந்துவிடும். எட்டாவதாக நான்.

“கொழுந்தனாரே, ஒங்களுக்கு என்ன வயசு?”

“எண்ணெய்ச் சட்டி முன்னால வயசு கேக்கக் கூடாது மதினி.”

முதல் முறுக்கு பிள்ளையாருக்கு. முழுசாக வந்தவை பிள்ளைகளுக்கு. உடைந்தவை எனக்கு. நான் பக்கத்தில் இருந்தாலே முறுக்கு அதிகமாக உடைகிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். நியாயமான சந்தேகம்.

ஆடி மாதம் ஒரு காலை. கம்பெனி பஸ்ஸுக்கு நாங்கள் கிளம்புகிற நேரம். மதினி அன்றைக்கு அண்ணனுக்கும் எனக்கும் முருகனுக்கும் கட்டிய டிபன் டப்பாக்களை மூடி வரிசையாக வைத்துவிட்டு, “தல ரொம்ப வலிக்குது. செத்த நேரம் படுக்குறேன்” என்றார். மதினி பகலில் படுத்து நாங்கள் பார்த்ததே கிடையாது. மூளையில் ரத்தக்குழாய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுநாள் எல்லாம் முடிந்து வந்து பார்த்தபோது அந்த மூன்று டப்பாக்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. புளியோதரை. கெட்டுப்போகாமல் இருந்தது. அதை என்ன செய்வது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை.

யாழினியிடம் என் மனைவி கலாதான் சொன்னாள். “அம்மா சாமி வீட்டுக்குப் போயிட்டாங்கடா.”

யாழினி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அது பெரிய வீடா சித்தி?”

“ஆமா. பெரிய வீடு.”

அவ்வளவுதான். அழவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை. பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று நாங்கள் நிம்மதி அடைந்தோம். பெரியவர்கள் நிம்மதி அடைய அதிகக் காரணம் தேவையில்லை.

வெறும் பாத்திரம்

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். கோபிக்க வேண்டாம், வழியில் சக்கரை இருக்கிறது.

மதினியிடம் ஒரு சட்டம் உண்டு. அடுத்த வீட்டுப் பாத்திரம் எதுவும் வெறுமனே திரும்பிப் போகக் கூடாது. வீட்டில் செய்தது இருந்தால் அது. இல்லையென்றால் இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அதுவும் இல்லையென்றால் ஒரு கரண்டி சக்கரை.

பக்கத்து வீடு கௌரம்மா வீடு. கன்னடக்காரர். அவர் வீட்டுக் கிண்ணமும் எங்கள் வீட்டுக் கிண்ணமும் போய் வந்து போய் வந்து, எது யாருடையது என்று இப்போது இரண்டு வீட்டுக்குமே தெரியாது. நான் வந்த புதிதில் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற வேலையை மதினி என்னிடம் கொடுத்தார். சக்கரை போட்டுக் கையில் தருவார். நாலு எட்டு வைத்தால் கௌரம்மா வீடு. அந்த நாலு எட்டுக்குள் சக்கரை என் வாய்க்குள் போயிருக்கும். மீசை முளைத்த தடியன் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். மீசை முளைத்ததால்தான் மாட்டினேன்.

கௌரம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மதினியிடம் கேட்டே விட்டார். “ஏன் ராஜி, எங்க மேல ஏதாச்சும் கோவமா? பாத்திரம் காலியா வருதே.”

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். மீசையில் சக்கரை.

“வெறும் டப்பாவத் தூக்கிட்டுப் போறதுக்கு நீங்க என்ன பழைய இரும்புக்காரரா கொழுந்தனாரே?”

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அன்றிலிருந்து கிண்ணத்துக்கு ஒரு கரண்டி, என் உள்ளங்கைக்கு ஒரு கரண்டி. “இது கூலி” என்பார்.

யாழினி ஒழுங்காக நடக்க ஆரம்பித்ததும் அந்த வேலை என்னிடமிருந்து பறிக்கப்பட்டு அவளுக்குப் போயிற்று. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மணி சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவள் வந்தபிறகுதான் கௌரம்மாவுக்கு எங்கள் குடும்பத்தின் மேல் முழு நம்பிக்கை வந்தது.

ஃபர்னஸுக்குப் பொட்டு

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. பங்காளிகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். புதுத்துணி இல்லை, பட்டாசு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் தங்கள் வீட்டில் சுட்டுக் கொடுத்து விடுவார்கள்.

இதில் அண்ணன் கண்டிப்பானவர். எவ்வளவு கண்டிப்பு என்பதை ஆயுத பூஜையன்றே பார்த்துவிட்டோம்.

அண்ணனும் நானும் ஒரே கம்பெனி. வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்கிற இடம். அண்ணன் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவு. பல்சக்கரங்களை ஃபர்னஸில் செக்கச்செவேலென்று காய்ச்சி, எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். “அங்க நீங்க பொரிச்செடுக்கிறீங்க, இங்க நான் பொரிச்செடுக்குறேன். ஒங்க முறுக்கத்தான் ஒருத்தனும் திங்க முடியல” என்பார் மதினி.

ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். வருஷாவருஷம் மதினிதான் ஃபர்னஸ் முன்னால் கோலம் போடுவார். கதவில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பார். அந்தச் சூட்டில் சந்தனம் உடனே காய்ந்து உதிர்ந்துவிடும். விடாமல் மறுபடி வைப்பார். ஏழு பிள்ளைகளும் பொரிப் பொட்டலத்தோடு சுற்றி நிற்கும்.

அந்த வருஷம் அண்ணன் பொட்டு வைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷர். “இது கம்பெனி ஃபர்னஸ்ங்க. ஒங்க வீட்டுத் துக்கம் இதுக்கு வராது. நீங்களே வைங்க.”

“பாதி நாள் இதுகூடத்தான் சார் இருக்கேன்,” என்றார் அண்ணன். “அதுக்கும் தெரியும்.”

சூப்பர்வைசரே பொட்டு வைத்தார். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே நின்றார். பிள்ளைகளை நான் கூட்டிப் போயிருந்தேன். ஃபர்னஸ் முன்னால் தரை வெறுமனே கிடந்தது. யாழினி அந்தத் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பொரியைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

பூஜை முடிந்து பெரியவர்களுக்கு மட்டும் கேன்டீனில் டீ. எங்கள் கேன்டீன் சக்கரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. கடைத்தெருவில் எங்கேயும் கிடைக்காத சக்கரை. ஒவ்வொரு மணியும் கல்கண்டுக்குத் தம்பி மாதிரி இருக்கும். கலக்கினால் டம்ளருக்குள் ஜல்லி ஏற்றிய லாரி போகிற சத்தம் வரும். டீ தீர்ந்த பிறகும் அடியில் கிடக்கும். அந்தச் சக்கரையை எதிர்த்து வருஷக்கணக்காகப் பேசிவருகிறவன் நான். கேன்டீன்காரர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மூன்று மொழியில் அதிரசம்

தீபாவளிக்கு முந்தின நாளுக்கு வருகிறேன்.

இந்த ஊரில் எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. ‘பாவம், எங்கேயோ தெற்கிலிருந்து வந்து கிடக்கிறார்கள், இவர்களுக்கு யார் பலகாரம் கொடுப்பார்கள், நாமாவது கொடுப்போம்’ என்று பக்கத்து வீடு நினைத்தது. எதிர்வீடும் அப்படியே நினைத்தது. மாடி வீடும் நினைத்தது. பின்தெருவில் என் ஷிப்டுக்காரர்கள் வீடுகளும் நினைத்தன. ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் வந்தவர் கௌரம்மா, நான் யாழினியைக் கேட்டில் பார்ப்பதற்கும் முன்னால், விடிந்ததுமே. கேட்டைத் திறந்து விட்டது யாழினி.

“தகோ கண்ணு,” என்று பாத்திரத்தை நீட்டினார். “கஜ்ஜாயா.”

“ஏன் ஆன்ட்டி நீங்க குடுக்குறீங்க?”

“அம்மா இல்லாத வீட்டுல எண்ணெய் வெக்கக் கூடாது கண்ணு. அதுக்கு நாங்கெல்லாம் தரணும். பாத்துட்டே இரு, எல்லா வீட்டுலிருந்தும் வரும்.”

யாழினி தலையை ஆட்டிவிட்டு மறுபடி கேட் மேல் ஏறிக்கொண்டாள்.

கௌரம்மா சொன்னபடியே வந்தது. எதிர்வீட்டு சுஜாதா பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். அவர் கொண்டுவந்தது அரிசெலு. மாடி வீட்டுத் தனலட்சுமி சேலத்துக்காரர். அவர் கொண்டுவந்தது அதிரசம். மூன்று பாத்திரத்தையும் திறந்து வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். பேர்தான் வேறே. அதற்கப்புறமும் அதிரசம் வந்தது. நிப்பட்டு என்கிற தட்டை வந்தது, முறுக்கு வந்தது, மறுபடி அதிரசம் வந்தது. சாயங்காலத்துக்குள் அண்ணன் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. யாழினி ஒவ்வொரு தடவையும் கேட்டைத் திறந்து, எந்த வீடு என்று கேட்டு, உள்ளே ஓடிவந்து அறிவித்துவிட்டு, திரும்பவும் கேட்டுக்கு ஓடினாள்.

என் தொழில் இன்ஸ்பெக்‌ஷன். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒன்று எடுத்துத் தரம் பார்த்தேன். எல்லாம் பாஸ். சந்தேகத்துக்கு இன்னொரு முறை பார்த்தேன்.

என் சின்ன மகன் கவின் இரண்டு கையிலும் அதிரசத்தோடு பாத்திரங்களின் நடுவில் நின்று, கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டான்:

“அப்பா, அடுத்த வருஷமும் யாராச்சும் செத்துப் போனா இவ்ளோ வருமா?”

கலா கையை ஓங்கிவிட்டாள். அண்ணன் அப்போது வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

“வரும்டா,” என்றார் அண்ணன், நிமிராமலே. “ஒங்கப்பன் போனா இதவிட ஜாஸ்தி வரும். அவன் ரிஜெக்ட் பண்ணாத ஆளு கம்பெனில இல்ல. சந்தோஷத்துல அண்டாவோட வருவானுக.”

சிரித்துவிட்டோம். ஆடிக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. எல்லோரும் நிறுத்தின பிறகும் அண்ணன் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பாலிஷ் கையோடு, முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனார்.

மறுநாள் தீபாவளி. விடிவதற்கு முன்னாலிருந்தே தெரு வெடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகள் பழைய துணியோடு சுவரோரம் வரிசையாக நின்று, அடுத்தவர் வெடிக்கு இலவசமாகக் காது பொத்திக்கொண்டன. மத்தியானம் தின்று களைத்து ஆறும் கூடத்தில் ஆளுக்கொரு பக்கமாகத் தூங்கிப்போயின.

ஏழாவது தூங்கவில்லை. கேட் மேலேதான் நின்றது. தாடையில் அதே கோடு. காலையிலிருந்து ஒரு பலகாரம்கூட வாயில் வைக்கவில்லை என்று கலா சொன்னாள்.

டீயை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

“பட்டாசுக்காடா நிக்கிற?”

“இல்ல.”

“பின்ன?”

இந்தத் தடவை, போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டாள்.

“எல்லா வீட்லேர்ந்தும் வந்துருச்சு சித்தப்பா. அம்மா வீட்லேர்ந்துதான் இன்னும் வரல.”

கூரியர்காரர்

கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். யார் அழுதாலும் கோமாளி வேஷம் கட்டுவது. அழாதவளுக்கும் அதையே கொடுத்துப் பார்த்தேன்.

திறந்திருந்த ஒரு பேக்கரியில் லட்டும் மிக்சரும் ஒரு பெட்டியில் வாங்கினேன். மழைக்குப் போடுகிற ஜெர்கினைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டைக் கண்ணாடியோடு இறக்கிக்கொண்டேன். வண்டிச் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்று அடுத்த தெருவிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடந்து வருகிற கூரியர்காரரை உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

“யாழினி யாரு? பார்சல் பந்திதெ,” என்றேன், குரலைக் கட்டையாக்கி, எனக்குத் தெரிந்த கன்னடத்தைச் செலவழித்து.

தூங்கிக்கொண்டிருந்த ஆறும் எழுந்து ஓடிவந்தன. யாழினி கேட்டிலிருந்து இறங்கினாள். பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் தொப்பையைப் பார்த்தாள். என் செருப்பைப் பார்த்தாள்.

“ஹெல்மெட்டக் கழட்டுங்க சித்தப்பா. வேர்க்கும்.”

கோபம் இல்லை. கேலியும் இல்லை. அக்கறையாகச் சொன்னாள். மதினி மாதிரியே. பெட்டியை என்னிடமே நீட்டினாள்.

“இது பேக்கரி வீடு. அம்மா வீட்லேர்ந்து வந்தா தூக்குல வரும்.”

மற்ற ஆறும் சிரித்தன. நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளே இருந்த முகம் பிள்ளைகளுக்குக் காட்டுகிற நிலைமையில் இல்லை.

அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நைட் ஷிப்ட். ஃபர்னஸ் ஆறக் கூடாது என்பதால் தீபாவளியன்றும் இரண்டு பேர் போக வேண்டும். அண்ணன் தானே கேட்டு வாங்கியிருந்தார். யூனிபார்ம் போட்டுவிட்டிருந்தார்.

“டேய்,” என்றார் மெதுவாக. “அவகிட்ட வெளையாடாத.”

கேட்டருகே வந்து யாழினிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“பாப்பா. அம்மா வீட்லேர்ந்து ஒண்ணும் வராதுடா.”

“ஏன்ப்பா?”

அண்ணன் வாயைத் திறந்தார். மூன்று மாதமாக எங்களில் யாருமே சொல்லாததைச் சொல்லத்தான் உட்கார்ந்தார் என்று தெரிந்தது. யூனிபார்ம் பட்டனையே பிடித்துக்கொண்டிருந்தார். யாழினி காத்திருந்து பார்த்தாள். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை என்று புரிந்ததும் தானே யோசித்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கணக்குப் போடுகிற மாதிரி.

“அவங்க வீட்லயும் எண்ணெய்ச் சட்டி வெக்கக் கூடாதா?”

அண்ணன் அவளைப் பார்த்தார்.

“நம்ம வீட்ல அம்மா இல்ல. அதான நாம வெக்கல? அம்மா வீட்ல நாம ஒருத்தருமே இல்லேல்ல. நீங்க இல்ல, அக்கா இல்ல, நான் இல்ல. அப்ப அவங்களும் வெக்கக் கூடாதுல்லப்பா?”

தெருமுனையில் யாரோ ஒரு சரத்தைக் கொளுத்தினார்கள். அது முழுக்க வெடித்து முடிந்தது. அண்ணன் சொன்னார்:

“ஆமாடா. கூடாது.”

“அப்ப நாமதான குடுத்து விடணும்?”

தூக்கு

உள்ளே ஓடினாள். மதினி பால் வாங்கப் போகிற சின்னத் தூக்கு ஷெல்பில் இருந்தது. அதை எடுத்துக் கூடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கௌரம்மா வீட்டுக் கஜ்ஜாயா இரண்டு. சுஜாதா வீட்டு அரிசெலு இரண்டு. தனலட்சுமி வீட்டு அதிரசம் இரண்டு. மூன்றும் வேறு வேறு வீடு என்பதால் அவளுக்கு அவை வேறு வேறு பலகாரம். மேலே முறுக்கு. ஒரு முறுக்கு உடைந்திருந்தது. வைத்ததைத் திரும்ப எடுத்து, பேசாமல் என் கையில் கொடுத்தாள்.

“துக்க வீட்லேர்ந்து பலகாரம் வெளிய போகக் கூடாதே...” என்று கலா ஆரம்பித்தாள்.

“துக்க வீட்டுக்குத்தான போகுது,” என்றார் அண்ணன். “போகலாம்.”

யார் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. யாழினி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். கௌரம்மா கிண்ணத்துச் சக்கரைக் கதை எங்கள் வீட்டில் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

“அப்பாவே கொண்டுபோகட்டும்,” என்றாள்.

அண்ணன் தூக்கை வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டினார்.

“ஆட்டாமப் போங்கப்பா. தூக்கைக் கேட்டு வாங்கிட்டு வந்துருங்க. மறந்துறாதீங்க.”

“மறக்க மாட்டேன்.”

எந்தப் பக்கம் போகிறார் என்று அண்ணனை நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் போன பிறகு யாழினி வந்து உட்கார்ந்து, ஒரு தட்டு நிறையப் பலகாரம் தின்றாள்.

மறுநாள் காலை தெரு முழுக்கச் சிவப்புக் காகிதம். பனியில் நனைந்து தரையோடு ஒட்டிக்கிடந்தது. காற்றில் இன்னும் மருந்து வாசனை. நான் பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தபோது யாழினி ஏற்கெனவே கேட் மேல் இருந்தாள்.

அண்ணன் வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. நைட் ஷிப்டில் எல்லோருக்கும் சிவக்கும். வண்டியை நிறுத்தித் தூக்கைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினாள். கனத்தைப் பார்த்தாள். ஒன்றும் இல்லாத மாதிரி லேசாக இருந்திருக்க வேண்டும். ஒரு கணம் அவள் முகம் மாறியது. அங்கேயே தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள்.

அடியில் ஒரு கரண்டிச் சக்கரை.

“வெறும் தூக்கு இல்லப்பா,” என்றாள்.

“இல்லடா,” என்றார் அண்ணன். படியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, ஷூ முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்ந்த பிறகும் அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

யாழினி ஒரு விரலை உள்ளே விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினாள்.

“கூலி,” என்றாள். “அம்மா வீட்டுச் சக்கரை பெருசு பெருசா இருக்கு சித்தப்பா.”

உள்ளங்கையைப் பார்த்தேன். பார்க்காமலே தெரிந்திருக்கும் எனக்கு. அண்ணன் நிமிரவில்லை.

அவள் கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டிவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு, மற்ற ஆறு பேருக்கும் காட்ட உள்ளே போனாள். நான் அதை வாயில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்தச் சக்கரை சீக்கிரம் கரையாது.